வேலையை உதறாமலும் படம் எடுக்கலாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் பயணம், புகைப்படம் பற்றி வருகிற கட்டுரைகளை விடாமல் படிப்பவள் நான். போன வாரம் வந்ததும் நல்ல கட்டுரைதான், படங்களும் அருமை. ஆனால் மூன்றாவது வரியிலேயே "கை நிறையச் சம்பளம் வாங்கிய வேலையை உதறிவிட்டு" என்று வந்துவிட்டது. இதற்கு முன்னால் வந்தவரும் உதறியவர்தான். அதற்கும் முன்னால் வந்த தம்பதி, இரண்டு வேலையையும் சேர்த்து உதறியவர்கள். ஒருவர் லடாக்கில் கூடாரம் போட்டிருக்கிறார், இன்னொருவர் ஆப்பிரிக்காவில் சிங்கத்துக்காகக் காத்திருக்கிறார். அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, நன்றாக இருக்கட்டும். ஆனால் கேமரா ஆசை பிடித்தவர்களில் பெரும்பாலானவர்கள் வேலையை உதற முடியாதவர்கள். என்னைப் போல, உதற விருப்பமே இல்லாதவர்களும் உண்டு. எங்களைப் பற்றியும் நாலு வரி எழுதலாமே என்றுதான் இந்தக் கடிதம். நீளமாகிவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள்.

நான் திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: வெளிநாட்டு பையர் ஆர்டர் கொடுத்த நாளிலிருந்து, பெட்டி பெட்டியாகச் சரக்கு தூத்துக்குடி துறைமுகத்துக்குக் கிளம்புகிற வரைக்கும், எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டிய ஆள் மெர்ச்சண்டைசர். நூல் வந்ததா, நிட்டிங் முடிந்ததா, சாயப்பட்டறையில் துணி ஏன் நிற்கிறது, லேபிளில் எழுத்து ஏன் கோணல், பட்டன் ஏன் வேறு ஷேடு என்று பையர் கேட்டாலும் நான்தான், முதலாளி கேட்டாலும் நான்தான். காலையில் தையல் லைனோடு மல்லுக்கட்டிவிட்டு, மதியம் சோற்றில் கை வைக்கிற நேரத்தில் ஐரோப்பாவில் ஆபீஸ் திறப்பார்கள். அதிலிருந்து மெயில் வர ஆரம்பித்தால் இரவு பத்து மணி வரைக்கும் ஓயாது. எங்கள் ஊரில் தையல்காரர்கள் ஒன்றரை ஷிஃப்ட் என்றால் காலை எட்டரை முதல் இரவு எட்டரை வரை என்று அர்த்தம். எங்களுக்கு ஷிஃப்ட் கணக்கும் கிடையாது, ஓவர்டைமும் கிடையாது. ஷிப்மென்ட் வாரத்தில் போனை சைலன்ட்டில் போட்டால் கொலைக்குற்றம்.

இதில் எங்கே பயணம், எங்கே படம் என்று கேட்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் மேஜை மேல் இருந்த ஆர்டர் சார்ட்டைப் பார்த்தபோதுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. ஒவ்வொரு ஆர்டருக்கும் எங்களிடம் ஒரு அட்டவணை இருக்கும். லேப் டிப் (நிறம் பார்க்கச் சாயம் போட்ட துணித் துண்டு) எந்தத் தேதி, ஃபிட் சாம்பிள் (அளவு பார்க்கத் தைப்பது) எந்தத் தேதி, பிபி சாம்பிள் (மொத்தத் தயாரிப்புக்கு முன்னால் தைத்துக் காட்டுவது), கட்டிங், இன்ஸ்பெக்‌ஷன், ஷிப்மென்ட் எல்லாம் அதில் வரிசையாக வந்துவிடும். சாம்பிளை கூரியரில் அனுப்பிவிட்டு அப்ரூவலுக்காகக் காத்திருக்கிற நாட்களில் நாம் தலைகீழாக நின்றாலும் வேலை நகராது. அந்த நாட்கள் எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரிகிற வேலை இது. கல்யாணத் தேதி மாதிரி ஷிப்மென்ட் தேதியைச் சுற்றியே எல்லாரும் ஓடுகிறோம். நடுவில் இருக்கிற காலி இடத்தை யாரும் கவனிப்பதில்லை.

அதைவிடப் பெரிய சௌகரியம், ஐரோப்பாக்காரர்களின் லீவு. ஆகஸ்டில் அங்கே பாதிப் பேர் விடுமுறைக்குப் போய்விடுவார்கள். மெயில் அனுப்பினால் ஆள் இல்லை என்று தானாகப் பதில் வரும். நமக்கு அப்போது ஆடி. அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் தேர்த்திருவிழாவும் குதிரைச் சந்தையும் ஆடியில்தான். மறுபடி கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு முடிகிற வரைக்கும் பையர் ஆபீஸ்கள் சாத்திக் கிடக்கும். நமக்கு மார்கழி, குளங்களில் வலசைப் பறவைகள் வந்து இறங்கியிருக்கிற காலம். யாரோ உட்கார்ந்து எனக்காகவே போட்டுக் கொடுத்த காலண்டர் போல இருக்கிறது. முதலாளியிடம் லீவு கேட்டுத் தலையைச் சொறிய வேண்டிய வேலையே இல்லை. அவரே அந்த நாட்களில் பழனிக்குப் போய்விடுவார்.

கேமராவைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு தீபாவளி போனஸில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய கேனன் 1500டி. கூடவே 18-55 லென்ஸ் வந்தது. அடுத்த தீபாவளிக்கு 55-250 லென்ஸ் வாங்கினேன். சிறிய சென்சார் கேமரா என்பதால் அந்த 250 மில்லிமீட்டர், பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவில் 400 போட்டால் தெரிகிற அளவுக்குப் பறவையைக் கிட்டே கொண்டுவந்துவிடும். லட்சக்கணக்கில் விலை போட்ட வெள்ளை லென்ஸ்கள் உங்கள் கட்டுரைகளில் நிறைய வருகின்றன. என் லென்ஸோ ரிஜெக்ட் ஆன சாம்பிள் டி-ஷர்ட்டுக்குள் சுருண்டு டிபன் பையில் கிடக்கிறது. நல்ல இன்டர்லாக் துணி, பையன் சைஸ். கழுத்து ரிப் அளவில் கால் இஞ்ச் தப்பிப்போனதால் பையர் வேண்டாம் என்று சொன்ன உருப்படி. பஸ்ஸில் டிபன் பையை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, அதுவும் ஒரு நன்மை.

படம் எடுக்க நான் தனியாக எந்த வகுப்புக்கும் போனதில்லை. எங்கள் வேலைதான் கண்ணைப் பழக்கிக் கொடுத்தது. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கட்டுரைகளில் "வேலை என்னும் சிறை" என்றெல்லாம் வருகிறது.

பையர் ஒரு நிறத்துக்கு பேண்டோன் நம்பர் கொடுப்பார், அதாவது உலகம் முழுக்க ஒரே நிறத்தைக் குறிக்கிற எண். சாயப்பட்டறைக்காரர் அதைப் பார்த்துச் சின்னச் சின்னத் துணித் துண்டாக ஏ, பி, சி என்று மூன்று லேப் டிப் போட்டு அனுப்புவார். அதில் எது பொருந்துகிறது என்று நான் சொல்ல வேண்டும். ட்யூப்லைட் வெளிச்சத்தில் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அதற்கென்று உள்ளே சாம்பல் பெயின்ட் அடித்த ஒரு லைட் பாக்ஸ் இருக்கிறது. அதில் ஒரு பட்டனை அமுக்கினால் டி65, அதாவது பகல் வெளிச்சம். அடுத்த பட்டன் டிஎல்84, ஐரோப்பியக் கடைகளில் எரிகிற விளக்கு. இன்னொன்று பழைய குண்டு பல்பின் மஞ்சள். கடைசியாக யுவி, அதாவது புற ஊதா வெளிச்சம். பகல் வெளிச்சத்தில் அச்சு அசலாக ஒத்துப்போகிற இரண்டு துணி, கடை விளக்குக்கு மாறியதும் ஒன்று பச்சையடிக்கும், ஒன்று சிவப்படிக்கும். இதற்கு மெட்டமெரிசம் என்று பெயர். பார்ப்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும், எங்களுக்கு வயிறு கலங்கும். "கொஞ்சம் சிவப்பு ஏறியிருக்கிறது, ஒரு புள்ளி டல்லாக வேண்டும்" என்று சாயப்பட்டறைக்காரரிடம் சொல்லிச் சொல்லியே, வெளிச்சம் மாறினால் நிறம் என்ன ஆகும் என்பது எனக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது.

இப்படிப்பட்ட கண்ணோடு காலை ஆறரை மணிக்கு ஒரு குளக்கரையில் போய் நின்று பாருங்கள். வெயில் படுகிற பக்கம் கொக்கு மஞ்சளடிக்கும். நிழலில் நிற்கிற கொக்கு நீலமடிக்கும். இரண்டும் வெள்ளைதான் என்று நம் மூளை சொல்லிவிடும், கேமரா அப்படிச் சொல்லாது. வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்ப வெள்ளையை வெள்ளையாகவே காட்டக் கேமராவைச் சரிசெய்கிற வைட் பேலன்ஸ் என்றால் என்ன என்று யூடியூபில் மணிக்கணக்காக விளக்குகிறார்கள். லைட் பாக்ஸ் முன்னால் நின்ற எந்த மெர்ச்சண்டைசருக்கும் அதைப் புரிந்துகொள்ள ஐந்து நிமிஷம் போதும். வெள்ளைப் பறவை கரும் தண்ணீர் மேல் நின்றால் கேமரா கறுப்பைப் பார்த்து ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், சிறகில் ஒரு கோடுகூட மிஞ்சாது. ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தைப் பாதியாக, குறைத்துக்கொள்ள வேண்டும். வெள்ளைத் துணியில் சாமான்யத்தில் யாருக்கும் தெரியாத கறையைத் தேடுகிற செக்கிங் பெண்களுக்கும் இதைச் சொன்னேன், உடனே பிடித்துக்கொண்டார்கள்.

நான் சொல்கிற குளம் நஞ்சராயன் குளம். திருப்பூருக்கு வடக்கே ஊத்துக்குளி ரோட்டில் போனால் வரும். 125 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடக்கிறது. நல்லாற்றுத் தண்ணீர் வந்து சேர்கிற இடம். 2022இல் இதைத் தமிழ்நாட்டின் 17வது பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2024 ஆகஸ்டில் விழுப்புரம் மாவட்டத்துக் கழுவெளியோடு சேர்த்து, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் இடம் கிடைத்தது. இத்தனை பெயர் வாங்கிய குளம், பத்து மைல்கூடத் தள்ளி இல்லை. எங்கள் கம்பெனியில் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் பார்த்திருக்க மாட்டார்கள். ஊட்டிக்கு வேன் பிடித்துப் போவார்கள்.

அங்கே நான் மறுபடி மறுபடி போவதைப் பார்த்து என் மாமியார் கேட்டார், "ஏங்கண்ணு, போன வாரம் எடுத்த அதே கொக்குதான இது?" ஆமாம், அதே கொக்கேதான் என்றேன். "அப்ப அத எதுக்கு மறுக்கா எடுக்கறே?" பதில் சொல்ல வரவில்லை, படத்தைக் காட்டினேன். நாமக்கோழிக் கூட்டம் ஒன்று தண்ணீர் மேல் ஓடி எழும்புகிறது. கால் பட்ட இடமெல்லாம் வட்டம் வட்டமாகத் தண்ணீர் தெறித்து நிற்கிறது. மூலையில் அந்தக் கொக்கு, எதுவும் நடக்காதது மாதிரி நிற்கிறது. மாமியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "இந்தக் கொக்குக்கு உன்ற வீட்டுக்காரன் மாதிரி நிதானம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து கேள்வி இல்லை.

வீட்டுக் கணக்கையும் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதம் முழுதாகாது. உங்கள் கட்டுரைகளில் யாருக்கும் வீட்டில் தண்ணீர் பிடிக்கிற வேலை இருப்பதாகத் தெரியவில்லை. எங்கள் தெருவில் தண்ணீர் தினமும் வராது, பல நாளைக்கு ஒருமுறைதான் விடுவார்கள். அது ஞாயிற்றுக்கிழமை காலையாக அமைந்துவிட்டால் குளமும் கிடையாது, கொக்கும் கிடையாது. மற்றபடி ஞாயிறு என்றால் கறி எடுத்தாக வேண்டும். எங்களுக்குள் உடன்பாடு ஒன்று உண்டு. நிட்டிங் மில்லில் இரவு ஷிஃப்ட் முடித்து வருகிற வீட்டுக்காரர் வரும் வழியில் கறி வாங்கி, வெங்காயம் உரித்துவைத்துவிட்டுப் படுத்துவிடுவார். நான் ஒன்பது மணிக்குள் திரும்பிக் குழம்பை வைத்துவிடுவேன். பகலில் பத்து மணிக்கு மேல் வெளிச்சம் எப்படியும் உச்சிக்கு ஏறிப் படத்தைக் கெடுத்துவிடும். ஆகவே குழம்புக்கும் கலைக்கும் எந்தத் தகராறும் இல்லை. பையன் ஒன்பதாவது படிக்கிறான். முன்பெல்லாம் கூட வருவான், இப்போது வரமாட்டேன் என்கிறான். அது வயசு.

போக்குவரத்துக்கு டவுன் பஸ்தான். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனதே, அதைப் பற்றி எவ்வளவோ எழுதினீர்கள். வேலைக்குப் போகிற பெண்கள், காய்கறி விற்கிற பெண்கள் எல்லாரைப் பற்றியும் வந்தது. அந்த பஸ்ஸில் ஏறி, எந்த வேலையும் இல்லாமல், ஒரு குளத்தைப் பார்க்கவோ ஒரு கோயில் தேரைப் பார்க்கவோ போகிற பெண்களும் இருக்கிறோம் என்பதை யாரும் எழுதவில்லை. டவுன் பஸ் எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் போய், இறங்கி, அடுத்த டவுன் பஸ் பிடித்து என்று போனால் கொங்கு நாட்டில் எங்கெங்கோ போய்விடலாம். நேரம் ஆகும், அதனால் என்ன? ஜன்னலோரம் கிடைத்தால் அதுவே பாதிப் பயணம். முதல் பஸ்ஸின் கண்டக்டருக்கு என் டிபன் பையில் என்ன இருக்கிறது என்பது தெரியும். "இன்னிக்கு எந்தக் குருவிங்க?" என்பார்.

தனியாகப் போகலாமா என்று பெண் வாசகர்கள் கேட்பார்கள் என்பதால் ஒன்று. ஆள் நடமாட்டம் இல்லாத கரைப் பக்கம் நான் போவதில்லை. நடைப்பயிற்சிக்காரர்கள் வருகிற பக்கமே நிற்பேன், முடிந்தால் செக்கிங்கில் இருக்கிற தோழி ஒருத்தியைக் கூட்டிக்கொள்வேன். அவளுக்குப் பறவையில் துளியும் ஆர்வம் இல்லை. கரையில் உட்கார்ந்து வாரம் முழுக்கப் பேச முடியாத எல்லாவற்றையும் போனில் அம்மாவிடம் பேசி முடிப்பாள். அதுவும் ஒரு ஞாயிறுதானே.

குளம் அலுத்தால் மாடு. காங்கேயம் பக்கம் பழையகோட்டையில் ஞாயிறுதோறும் மாட்டுத்தாவணி கூடுகிறது. காங்கேயம் மாடுகளுக்கென்றே நடக்கிற சந்தை. ஞாயிற்றுக்கிழமை என்பது எங்களுக்குப் பெரிய புண்ணியம். சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் தேரை ஒட்டிக் கூடுகிற மாட்டுச் சந்தை இன்னும் பெரிசு. ஊர் முழுக்கக் கட்டுத்தறியாகிவிடும். காங்கேயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும், ஆறு மாதம் போனால் நிறம் மாறிச் சாம்பலாகிவிடும். இப்படி ஷேடு மாறினால் எந்த பையரும் சரக்கை எடுக்க மாட்டான் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே படம் எடுத்தேன்.

கண்ணபுரத்தில் எடுத்த ஒரு படத்தை இங்கே சொல்ல வேண்டும். இரண்டு பெரியவர்கள், கைகுலுக்குவது போல் கையைச் சேர்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கைகளுக்கு மேல் ஒரு துண்டு. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறார்கள். சுற்றி நிற்கிற யாருக்கும் என்ன விலை என்று தெரியாது. முதலில் நான் துண்டையே எடுத்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்றுமில்லை, அது வெறும் துண்டு. பிறகு கேமராவை மேலே தூக்கினேன். விற்கிறவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை, ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். வாங்குகிறவரின் கீழுதடு மட்டும் ஒரு நொடி உள்ளே மடிந்தது. அந்த நொடிதான் படம். துண்டு படத்தின் கீழ் ஓரத்தில் கொஞ்சம் தெரிகிறது, போதும். எடுத்து முடித்ததும் தரகர் திரும்பி, "அம்மிணி, எந்த டிவிங்க நீங்க?" என்றார். டிவி இல்லைங்க, பனியன் கம்பெனி என்றேன். "பனியன் கம்பெனிக்கு மாட்டுப் படம் எதுக்குங்க?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திருக்காமல், "சித்த தள்ளி நில்லுங்க, அந்தக் காரிக்குக் கொம்பு நீளம்" என்று என் தோளுக்குப் பின்னால் கையைக் காட்டினார்.

எங்கேயும் போக முடியாத வாரங்களும் உண்டு. அப்போது போகிற வழிதான் பயணம். நான் இருப்பது 15 வேலம்பாளையம். பக்கத்திலேயே அனுப்பர்பாளையம், பித்தளை, செம்புப் பாத்திரத்துக்குப் பெயர் போன ஊர். இருட்டுப் பட்டறை வாசலில் உட்கார்ந்து குடத்தைத் தட்டுகிற ஒருவர் மேல் தெருவிலிருந்து சாய்ந்து விழுகிற வெளிச்சத்தைப் பார்க்க, ஒரு ஸ்டாப்பிங் முன்னாலேயே பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தால் போதும்.

கம்பெனிக்குள்ளேயும் படம் உண்டு, முதலாளி அனுமதியோடு. பையரின் டிசைன் தெரிகிற எதையும் எடுக்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. எங்கள் லைனில் தைக்கிற பெண்களில் ஒடிசா, பீகார், ஜார்கண்ட்காரர்கள் நிறைய. ஊருக்கு அனுப்ப ஒரு நல்ல படம் வேண்டும் என்று ஒருத்தி கேட்டாள். போனில்தான் தினமும் எடுக்கிறீர்களே என்றேன். அது இல்லை, கையில் பிடிக்கிற படம், அம்மாவிடம் போன் இல்லை என்றாள். கட்டிங் மேஜையில் வெள்ளைத் துணி விரித்திருந்தது. ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டு மேலே எழும்பி முகத்தில் விழுகிறது. ஸ்டுடியோக்காரர்கள் காசு கொடுத்து வாங்குகிற ரிஃப்ளெக்டர், எங்களிடம் ரோல் ரோலாகக் கிடக்கிறது. மதிய இடைவேளையில் மேஜை பக்கத்தில் நிறுத்தி எடுத்தேன். ஸ்டுடியோவில் கொடுத்து நாலுக்கு ஆறு சைஸில் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அப்புறம் வரிசை கட்டிவிட்டார்கள்.

அதில் ஒன்றைக் கவனித்தேன். பத்திரிகைகளில் திருப்பூர் என்றால் எப்போதும் தையல் மெஷினுக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கிற பெண்தான் வருவாள், உங்கள் பத்திரிகையிலும்தான். என்னிடம் படம் கேட்டவர்களில் ஒருத்திகூட மெஷினோடு எடுக்கச் சொல்லவில்லை. மெஷின் தெரியாமல் எடுங்கள் அக்கா என்பார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற காகிதப்பூச் செடிக்கு முன்னால் நிற்க ஆசை. சனிக்கிழமை சம்பளம் வாங்கி, எடுத்த சுடிதாரோடு ஞாயிறு வந்து நிற்பார்கள். ஒருத்தி மட்டும் வாட்ச் தெரிகிற மாதிரி கையை வைக்கவா என்று கேட்டுவிட்டு, அதை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். அந்தப் படத்தைப் பார்த்தால் அவள் எங்கே வேலை செய்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. அதைத்தான் அவள் விரும்பினாள்.

இன்னொன்றும் எழுதியாக வேண்டும், இந்தக் கடிதமே அதனால்தான். 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது உங்களுக்குத் தெரியும், தலைப்புச் செய்தியாகவே போட்டீர்கள். எங்கள் கம்பெனியில் அமெரிக்க ஆர்டர்கள் அப்படியே நின்றன. ஒன்றரை ஷிஃப்ட் ஒரு ஷிஃப்ட் ஆனது, பிறகு வாரத்தில் சில நாள் லைனே ஓடவில்லை. எனக்கு மெயிலும் இல்லை, போனும் இல்லை. இதுவரைக்கும் வாழ்நாளில் கிடைக்காத நேரம் கையில் கிடைத்தது. நியாயப்படி நான் குளக்கரையிலேயே குடியிருந்திருக்க வேண்டும். கேமரா பீரோவை விட்டு வெளியே வரவில்லை. ஒரு ஞாயிறு கட்டாயப்படுத்திப் போனேன். கொக்கு நின்றது, வெளிச்சமும் நன்றாகத்தான் இருந்தது. மனசு பூராவும், இந்த வாரம் யாருக்குச் சம்பளம் குறையும் என்கிற கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஷட்டரை அழுத்தாமலே திரும்பி வந்தேன். ஐரோப்பிய ஆர்டர் ஒன்று வந்து, லேப் டிப்பும் சாம்பிளும் என்று மூச்சு முட்ட ஆரம்பித்த வாரத்தில்தான் பேட்டரியைச் சார்ஜில் போட்டேன்.

அதனால்தான் "வேலையை உதறினார், சுதந்திரம் பெற்றார்" என்று படிக்கும்போது எனக்கு உறுத்துகிறது. உதறினால் தாங்கிப் பிடிக்க வீட்டில் வேறு வருமானம் இருப்பவர்களுக்கு அது சுதந்திரம். எங்கள் ஊரில் வேலை போவதை யாரும் அந்தப் பெயரில் சொல்வதில்லை. உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு, கேமரா வாங்க ஆசைப்படுகிற ஒரு டெய்லரோ ஒரு பேக்கிங் மாஸ்டரோ, "நமக்கெல்லாம் இது ஆகாது" என்று பக்கத்தைப் புரட்டிவிடக் கூடாது. அவ்வளவுதான் என் ஆதங்கம்.

சரி, குறை சொல்லிவிட்டு நிறுத்தினால் நன்றாக இருக்காது. உங்களால் செய்ய முடிந்த சிலவற்றைக் கேட்கிறேன். சினிமா எங்கே ஓடுகிறது என்று போடுகிறீர்கள், ராசிபலன் போடுகிறீர்கள். சனிக்கிழமை பேப்பரில் கால் பத்தி ஒதுக்கி, நம் மாவட்டத்தில் இந்த ஞாயிறு எந்த ஊரில் தேர், எங்கே மாட்டுச் சந்தை, எந்தக் குளத்தில் தண்ணீர் இருக்கிறது, அங்கே முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று போடுங்கள். உங்கள் ஏரியா நிருபர்களுக்குத் தெரியாத விஷயமா? வாரம் முழுக்க உழைத்துவிட்டு ஒரே ஒரு காலை வைத்திருக்கிறவர்களுக்கு, போய்ப் பார்த்துத் தண்ணீர் இல்லை என்று திரும்புவதைப் போல எரிச்சல் வேறில்லை.

வாசகர் படம் போடும்போது பெயர், ஊரோடு அவர் என்ன வேலை செய்கிறார் என்பதையும் போடுங்கள். "படம்: இன்னார், ஓவர்லாக் டெய்லர்" என்று ஒரு நாள் வந்தால் எங்கள் கம்பெனி நோட்டீஸ் போர்டில் அதை ஒட்டுவது என் பொறுப்பு.

புகைப்படப் போட்டி நடத்துகிறவர்களுக்கும் உங்கள் மூலமாக ஒரு வேண்டுகோள். பரிசளிப்பு விழாவைச் சென்னையில் புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு வைக்காதீர்கள். வேலையை உதறியவர்கள் மட்டும்தான் அதற்கு வர முடியும்.

இப்படிக்கு,
ஒரு மெர்ச்சண்டைசர்,
15 வேலம்பாளையம், திருப்பூர்.

(பெயர் வெளியிட வேண்டாம். எங்கள் முதலாளி உங்கள் பேப்பர்தான் படிக்கிறார். பழனி விஷயம் அவருக்குப் பிடிக்காது.)

பின்குறிப்பு: கண்ணபுரம் படத்தை மெயிலில் இணைத்திருக்கிறேன். பிரசுரிப்பதாக இருந்தால் தரகரின் துண்டு பச்சை, அதை அச்சில் நீலமாக்கிவிட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். நான் அனுப்பியதில் ஷேடு சரியாக இருக்கிறது, டி65இல் பார்த்துவிட்டேன்.